விமானப்படை முன்னாள் வீரர்களின் நினைவுகளைப் பேட்டியாகப் பதிவு செய்ய: முழுமையான வழிகாட்டி

இந்திய விமானப்படையில் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது தமிழ்நாட்டில் வசிப்பவர்களின் நினைவுகளைப் பதிவு செய்ய நினைப்பவர்களுக்கானது இது. பேத்தி தன் வீட்டுத் தாத்தாவைப் பதிவு செய்தாலும் சரி, கல்லூரி மாணவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தாலும் சரி, வேலையின் வரிசை ஒன்றுதான். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கேமராவில் தொடங்கிக் காகிதத்தில் முடிக்கிறார்கள். காகிதம் முதலில், ரெக்கார்டர் பிறகு. இந்த ஒரு மாற்றம் பாதித் தவறுகளைத் தவிர்த்துவிடும்.

1. யாரிடம் முதலில் போவது

பிறந்த ஆண்டை வைத்துப் பட்டியல் போடுங்கள். 1965 போரின்போது 20 வயதில் இருந்தவர் இன்று 80 வயதைத் தொட்டுவிட்டார் அல்லது தாண்டிவிட்டார். 1971இல் 20 வயது என்றால் எழுபதுகளின் நடுவில் இருக்கிறார். 1999 கார்கில் காலத்து ஆட்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. பேச ஆசைப்பட்டு முன்வருபவரை முதலில் பிடிப்பது சுலபம். ஆனால் அதற்குள் மூத்தவர் படுக்கையில் விழுந்துவிடக்கூடும்.

விமானிகளை மட்டும் தேடாதீர்கள். விமானிக்கு லாக் புக் (பறந்த நேரக் குறிப்பேடு) இருக்கிறது, அவர் பறந்ததற்குப் படையிலும் பதிவு உண்டு. அதே விமானத்துக்கு இரவெல்லாம் என்ஜின் மாற்றியவர் கையில் அந்த வேலையைச் சொல்லும் எழுத்து எதுவும் இருக்காது. தமிழ்நாட்டில் நீங்கள் சந்திக்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் ஏர்மேன்களாக (அதிகாரி அல்லாத படையினராக) சேர்ந்தவர்கள்: என்ஜின் ஃபிட்டர், ஏர்ஃபிரேம் ஃபிட்டர், ஆர்மமென்ட் ஃபிட்டர், ரேடார் ஆபரேட்டர், வயர்லெஸ் ஆபரேட்டர், ஸ்டோர் கணக்கு பார்த்தவர், எம்டி (படை வாகன) டிரைவர், மெஸ் சமையல்காரர். அவர்கள் நினைவில் மட்டுமே இருக்கும் விஷயம்தான் அதிகம்.

ஆட்களைக் கண்டுபிடிக்க மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம், இசிஹெச்எஸ் (முன்னாள் வீரர் மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக், கேன்டீன், முன்னாள் வீரர் சங்கக் கூட்டம் ஆகியவை வழிகள். தாம்பரம், ஆவடி, சூலூர், தஞ்சாவூர் போன்ற விமானப்படை இடங்களைச் சுற்றி வீடு கட்டிக்கொண்டவர்களும் உண்டு. முகவரிப் பட்டியல் கேட்டால் எந்த அலுவலகமும் தராது, தரவும் கூடாது. நீங்கள் யார், எதற்காகப் பதிவு செய்கிறீர்கள் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்து, அதை அவர்களிடம் சேர்க்கச் சொல்லுங்கள். பென்ஷன் பெயரில் மோசடி அழைப்புகள் வந்தபடி இருப்பதால், தெரியாத எண்ணிலிருந்து நேரடியாக அழைத்தால் எடுக்க மாட்டார்கள். எடுத்தாலும் நம்ப மாட்டார்கள்.

2. முதல் சந்திப்பு: ரெக்கார்டர் இல்லாமல்

முதல் முறை போகும்போது நோட்டும் பேனாவும் போதும். ஒரு மணி நேரம். பேசுவதை விடப் பார்ப்பதுதான் இன்றைய வேலை. நல்ல கதையை இப்போதே சொல்லத் தொடங்கினால், “இதை ரெக்கார்ட் பண்ற அன்னைக்கு முழுசா கேட்டுக்கறேன் சார்” என்று மரியாதையாக நிறுத்துங்கள். ஒருமுறை சொன்ன கதையை இரண்டாம் முறை சொல்லும்போது, “அன்னைக்குச் சொன்னேனே” என்று சுருக்கிவிடுவார்கள்.

கேட்டுப் பார்க்க வேண்டியவை: டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் உத்தரவு, பழைய போட்டோக்கள், பதக்கங்கள், வீட்டுக்கு எழுதிய கடிதங்கள், விமானியாக இருந்தால் லாக் புக். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் சேர்ந்த நாள், விலகிய நாள், டிரேடு (படையில் பார்த்த தொழில்), கடைசி ரேங்க் கிடைக்கும். சர்வீஸ் நம்பரை உங்கள் நோட்டில் குறிக்கலாம். பதிவிலோ பொதுவில் வைக்கும் எதிலுமோ அது வரக்கூடாது.

பதக்கங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள், அவை பொய் சொல்லாது. ரக்ஷா மெடல் 1965 போர்க்காலத்தில் படையில் இருந்தவர்களுக்குப் பரவலாகக் கிடைத்தது. சங்ராம் மெடல் 1971க்கு அதே போல. ஆனால் சமர் சேவா ஸ்டார் இருந்தால் 1965இல் களப்பகுதியில் இருந்திருக்கிறார் என்று பொருள். பூர்வி ஸ்டார் என்றால் 1971இல் கிழக்கு, பஸ்சிமி ஸ்டார் என்றால் மேற்கு. விளிம்பில் பெயரும் எண்ணும் பொறித்திருக்கும். அண்ணனுடைய பதக்கமும் தம்பியுடையதும் ஒரே பெட்டிக்குள் கலந்து கிடக்கும் வீடுகளில் இதைப் பார்த்தால்தான் தெரியும்.

காதைக் கவனியுங்கள். ஜெட் என்ஜின்களுக்குப் பக்கத்தில் பல வருடம் நின்றவர்களுக்கு உயர் சுருதி ஒலிகள் முதலில் போய்விடும். கத்தினால் புரியாது, எரிச்சல்தான் வரும். எந்தக் காது பரவாயில்லை என்று கேட்டு அந்தப் பக்கம் உட்கார்ந்து, முகம் தெரிய, சற்றுத் தாழ்ந்த குரலில் நிதானமாகப் பேச வேண்டும். பெண்களின், இளைஞர்களின் மெல்லிய குரல் அவர்களுக்கு இன்னும் சிரமம். காது மெஷின் இருந்தால் பதிவு நாளன்று புது பேட்டரி போடச் சொல்லுங்கள்.

3. பணிக்கால வரிசைத் தாள்

வீட்டுக்குத் திரும்பியதும் ஒரே தாளில் அட்டவணை போடுங்கள்: ஆண்டு, ஊர், யூனிட், விமானம் அல்லது கருவி, ரேங்க், குடும்பத்தில் அப்போது நடந்தது. கடைசிக் கட்டம்தான் முக்கியம். எந்த ஆண்டு எந்த ஸ்டேஷன் என்பது குழம்பும். மூத்த மகள் பிறந்தபோது எங்கே இருந்தார் என்பது குழம்பாது.

ஆண்டுகளைப் பிடிக்கத் தமிழ்நாட்டுச் சம்பவங்களையே கொக்கியாக்குங்கள். 1962 அக்டோபர் 20 அன்று சீனப் போர் தொடங்கியது, ஒரு வாரத்தில் தீபாவளி. தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர். இந்தி எதிர்ப்புப் போராட்டம் 1965 தொடக்கம். அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி 3. பாகிஸ்தான் விமானங்கள் மேற்கு எல்லைத் தளங்களைத் தாக்கிய 1971 டிசம்பர் 3 ஒரு வெள்ளிக்கிழமை, கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய நிலா வெளிச்ச இரவு. எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர் 24. “அண்ணா செத்த செய்தி வந்தப்போ எந்த ஊர்ல இருந்தீங்க சார்?” என்று கேட்டால் தேதியை நேராகக் கேட்பதை விடத் துல்லியமாக வரும்.

இந்தத் தாளை வைத்துக்கொண்டு அவர் இருந்த இடத்தைப் பற்றி நீங்கள் படித்துவிட்டுப் போக வேண்டும். 1962இல் விமானப்படையின் போர் விமானங்கள் தாக்குதலில் இறக்கப்படவில்லை, சரக்கு விமானங்களும் ஹெலிகாப்டர்களும்தான் ஓடி ஓடி உழைத்தன. அது தெரியாமல், டகோட்டா சரக்கு விமானத்திலிருந்து உணவு மூட்டை தள்ளியவரிடம் “எத்தனை விமானத்தைச் சுட்டீங்க?” என்று கேட்டால் பேட்டி அங்கேயே படுத்துவிடும்.

4. ஒப்புதலும் எல்லைகளும்

ஒப்புதல் படிவம் தமிழில், ஒரே பக்கத்தில், 14 புள்ளி எழுத்தில் இருக்கட்டும். அதில் இருக்க வேண்டியவை: மூலப் பதிவு யாரிடம் இருக்கும், யார் கேட்கலாம், முழுவதையும் பொதுவில் வைக்கலாமா அல்லது பகுதியையா, எந்த ஆண்டு வரை மூடி வைக்க வேண்டும், போட்டோக்களைப் பயன்படுத்தலாமா, அவருக்குப் பிறகு முடிவெடுக்கும் குடும்பத்தவர் யார்.

கையெழுத்தை இரண்டு முறை வாங்குங்கள். பதிவுக்கு முன் ஒன்று, பதிவு செய்யச் சம்மதம் என்று. முடிந்தபின் ஒன்று, வெளியிடுவது பற்றி. இன்னும் சொல்லாத ஒன்றுக்கு யாரும் முன்கூட்டிச் சம்மதிக்க முடியாது. ஒரே படிவத்தில் முதலிலேயே வாங்கிவிட்டால், பிற்பாடு “அதை மட்டும் எடுத்துடுங்க” என்று போன் வரும்போது உங்களிடம் பதில் இருக்காது.

1923ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் ஓய்வுபெற்றவருக்கும் பொருந்தும். முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்: இன்றும் பயன்பாட்டில் உள்ள கருவிகளின் திறன், ரேடார் அலைவரிசை, இயங்கும் ஸ்டேஷன்களின் உள்ளமைப்பு, குறியீட்டுச் சொற்கள் ஆகியவை வேண்டாம். பழைய விமானங்களான நாட், ஹண்டர், கேன்பெரா, பேக்கெட் எல்லாம் ஓய்வுபெற்றுவிட்டன. மிக்-21கூட 2025 செப்டம்பரில் விடைபெற்றது. ஏஎன்-32 சரக்கு விமானம் இன்னும் பறக்கிறது, எனவே அதில் வேலை பார்த்தவரிடம் வாழ்க்கையைக் கேளுங்கள், தொழில்நுட்ப அளவுகளைக் கேட்காதீர்கள். சந்தேகம் வந்தால் அந்தப் பகுதியை மூடி வைப்பதே வழி. பெரும்பாலும் நம்மைவிட அவர்களே இதில் கறாராக இருப்பார்கள்.

5. கருவிகள்

காணொளியில் படம் கொஞ்சம் மங்கினால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். குரல் கேட்கவில்லையென்றால் பதிவே இல்லை. ஆகவே பணத்தை மைக்கில் போடுங்கள்.

தேவையானவை: இரண்டு உள்ளீடு உள்ள கையடக்க ரெக்கார்டர், சட்டையில் குத்தும் இரண்டு காலர் மைக், காதை மூடும் ஹெட்போன், 32 ஜிபி கார்டு இரண்டு, இரண்டு செட் பேட்டரி, போன் அல்லது கேமராவுக்கு ஒரு டிரைபாட். ரெக்கார்டர் வாங்க முடியாதவர்கள் நல்ல காலர் மைக்கைப் போனில் பொருத்திப் பதிவு செய்யலாம். அப்படியானால் கேட்பவர் குரலும் அதே மைக்கில் விழும்படி அருகில் உட்கார வேண்டும்.

ஒலியை வேவ் வடிவில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் வையுங்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி ஆகும். எம்பி3யில் நேரடியாகப் பதிவு செய்தால் இடம் மிச்சம், ஆனால் பின்னால் மின்விசிறிச் சத்தத்தைக் குறைக்க முயலும்போது குரலும் சேர்ந்து உடையும். வேவிலிருந்து எம்பி3 எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எம்பி3யில் இழந்ததைத் திரும்பப் பெற முடியாது.

அவருக்கு ஒரு மைக், உங்களுக்கு ஒரு மைக், தனித்தனி டிராக்கில். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் கீழே, சட்டைப் பொத்தான் வரிசையில் குத்துங்கள். பையில் பேனா, கண்ணாடிக் கூடு இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள், உரசும். மீட்டரில் ஒலி அளவு மைனஸ் 12 டெசிபெல் அருகில் ஆடட்டும். பரேடு மைதானத்துக் குரலில் பழகிய வாரண்ட் ஆபீசர் ஒருவர் ஒரு கட்டளையை நடித்துக் காட்டினால் மீட்டர் சிவப்பைத் தொட்டுவிடும், அந்த இடைவெளி அதற்காகத்தான்.

காணொளியும் எடுப்பதாக இருந்தால் 1080பி போதும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் டியூப்லைட், எல்இடி வெளிச்சத்தில் படம் துடிக்கும். பதிவு செய்யும் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். இது விமானப்படைக்காரர் வீட்டில் ஒரு சிரிப்புக்கும் உதவும்.

6. அறையும் நேரமும்

காலை 10 மணி சரியான நேரம். சாப்பாடு, மாத்திரை முடிந்திருக்கும். பிரஷர் மாத்திரைகளில் சில அடிக்கடி சிறுநீர் கழிக்க வைக்கும், ஆகவே 40 நிமிடத்துக்கு ஒருமுறை இடைவேளை விடுங்கள். மொத்தம் 90 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். அதற்குமேல் ஞாபகம் தளர்கிறது, வாக்கியங்கள் சுருங்குகின்றன. பாக்கியை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

நாள் குறிக்கும்போது காலண்டரைப் பாருங்கள். ஆடி மாதம் அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர், பக்கத்தில் கல்யாண மண்டபம் இருந்தால் முகூர்த்த நாள், மின்வாரியப் பராமரிப்பு நாள் மூன்றையும் தவிர்க்கவும்.

ஹாலைவிடப் படுக்கையறை நல்லது. மெத்தையும் துணி பீரோவும் எதிரொலியை விழுங்கும். தெருப்பக்க ஜன்னலைச் சாத்தி, சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வேறு அறையில் வையுங்கள். மின்விசிறியை முழுதாக நிறுத்தினால் வயதானவருக்கு வேர்த்துக் கொட்டும். சீலிங் ஃபேனை நிறுத்தி, டேபிள் ஃபேனை அறைக்கு வெளியே வாசலில் வைத்து உள்ளே காற்று வரும்படி திருப்பிவிடலாம். ஃப்ரிட்ஜை அணைத்தால் உங்கள் வண்டிச் சாவியை அதற்குள் போடுங்கள். மறந்துபோய் அணைத்தபடியே கிளம்ப முடியாது.

சமையலறையில் குக்கர் எப்போது ஏறும் என்று முன்பே கேட்டுவிடுங்கள். 1971 பிளாக்அவுட் (போர்க்கால விளக்கணைப்பு) பற்றிப் பேசும் நேரத்தில் மூன்று விசில் வந்தால் அந்த இடம் போயிற்று.

7. கேள்விகள்

இந்த வேலையில் தொண்ணூறு சதவீதம் இங்கேதான் கெட்டுப்போகிறது. “போர் அனுபவத்தைச் சொல்லுங்க சார்” என்று கேட்டால் கிடைப்பது அவர் நினைவு அல்ல. இத்தனை வருடம் பேப்பரில் படித்ததும், டிவியில் பார்த்ததும், சுதந்திர தின மேடையில் பேசியதும் கலந்த ஓர் உரை. அதை அவர் பொய்யாகச் சொல்லவில்லை. பெரிய கேள்விக்கு மனசு ஏற்கெனவே தயாரித்து வைத்த பதிலைத்தான் எடுத்துக் கொடுக்கும்.

கைவேலையைக் கேளுங்கள். கை செய்தது நினைவில் வேறு இடத்தில் இருக்கிறது, அதை யாரும் இதுவரை கேட்டதில்லை. பஞ்சாப் எல்லை விமானத்தளமான பதான்கோட்டில் இருந்தவரிடம் கேட்கும் இரண்டு கேள்விகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

“பதான்கோட்ல குண்டு விழுந்தப்போ பயமா இருந்துச்சா சார்?”

வரக்கூடிய பதில்: “நாட்டுக்காகப் போனவனுக்கு என்னப்பா பயம்.” அதோடு முடிந்தது.

“சைரன் அடிச்சப்போ கையில என்ன டூல் வெச்சிருந்தீங்க? அதை என்ன பண்ணீங்க?”

இதற்கு ஒரு வார்த்தையில் பதில் இல்லை. டூல் கணக்கு எப்படிப் பார்ப்பார்கள், ஒரு ஸ்பேனர் குறைந்தால் ஏன் விமானத்தை விட மாட்டார்கள், டிரெஞ்ச் எத்தனை அடி தூரம், யார் முதலில் குதித்தார் என்று பேச்சு தானாக விரியும். பயம் பற்றியும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

டிரேடுக்கு ஏற்றபடி கேள்விகளைத் தயார் செய்யுங்கள். ஹண்டரில் வேலை பார்த்த ஆர்மமென்ட் ஃபிட்டர் என்றால்: நான்கு 30 மிமீ ஏடன் துப்பாக்கிகளும் ஒரே பேக்காகக் கீழே இறங்குமே, அதை இறக்கி வேறு பேக் ஏற்ற எத்தனை பேர், ஒவ்வொருவர் கையும் எங்கே இருந்தது, வெயிலில் சூடேறிய தகட்டை எப்படிப் பிடித்தீர்கள்? நாட் ஸ்குவாட்ரனில் இருந்தவரிடம்: அவ்வளவு சின்ன விமானத்துக்குள் கை நுழையாத இடம் எது, அதற்கென்று யாரையாவது கூப்பிடுவீர்களா? ஃபிளைட் லைனில் (விமானங்கள் பறக்கத் தயாராக நிற்கும் இடத்தில்) இருந்தவர் யாராக இருந்தாலும்: எஃப்-700 புத்தகத்தில் (விமானத்தின் பராமரிப்புப் பதிவேட்டில்) உங்கள் கையெழுத்து எந்த இடத்தில் வரும், ஒரு விமானம் திரும்பி வராத நாளில் அந்தப் புத்தகத்தை யார் எடுத்துப் போனார்கள்? எல்லையில் மொபைல் அப்சர்வேஷன் போஸ்டில் (எதிரி விமானம் வருகிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்லும் இடத்தில்) உட்கார்ந்தவரிடம்: விமானத்தைப் பார்ப்பதற்கு முன் சத்தம் கேட்குமா, வயர்லெஸ் செட்டில் முதலில் எந்த வார்த்தை சொல்வீர்கள்? கடைசிக் கேள்வியில் குறியீட்டுச் சொல் வந்தால் விட்டுவிடுங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும்: ஊர், அப்பாவின் வேலை, படையில் சேர முடிவெடுத்த நாள், ரயில், பயிற்சி, முதல் போஸ்டிங், தினசரி வேலை, பிறகுதான் போர், கல்யாணமும் குவார்ட்டர்ஸும், விலகிய நாள், ஊர் திரும்பிய முதல் மாதம். போரை முதலில் வைத்தால் மற்றதெல்லாம் அவருக்கே சின்னதாகத் தோன்றி விட்டுவிடுவார். மெட்ராஸ் சென்ட்ரலில் தகரப்பெட்டியோடு ஏறி, ஒரு வார்த்தை இந்தி தெரியாமல் இறங்கிய கதை போரைவிட அரிதாகப் பதிவாகியிருக்கிறது.

அடிக்கடி நடக்கும் தவறுகள்:

ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்பது. அவர் இரண்டாவதற்கு மட்டும் பதில் சொல்வார்.

“ம்ம்”, “ஓ”, “அப்படியா” என்று ஒலி கொடுப்பது. தலையை மட்டும் ஆட்டுங்கள்.

தேதியைப் பேச்சுக்கு நடுவில் திருத்துவது. 1965ஐயும் 1971ஐயும் அவர் மாற்றிச் சொன்னால் நோட்டில் குறித்துக்கொண்டு, இடைவேளைக்குப் பிறகு வரிசைத் தாளைக் காட்டிக் கேளுங்கள். நடுவில் திருத்தினால் அதற்கப்புறம் ஒவ்வொரு ஆண்டையும் சந்தேகத்தோடு சொல்ல ஆரம்பிப்பார்.

மௌனத்தை நிரப்புவது. அவர் நிறுத்திய பிறகு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நல்ல வாக்கியம் பல சமயம் ஏழிலோ எட்டிலோ வரும்.

“போனோம், வந்தோம், செஞ்சோம்” என்ற “நாங்க” பேச்சை அப்படியே விடுவது. படையில் பழகியவர்கள் “நான்” என்று சொல்லக் கூச்சப்படுவார்கள். “அதுல உங்க வேலை எது சார்?” என்று ஒவ்வொரு முறையும் மெதுவாகக் கேட்க வேண்டும்.

ஆங்கிலமும் இந்தியும் கலந்து பேசுவதை நல்ல தமிழாக்கச் சொல்வது. ஹேங்கர், டார்மாக், டர்ன்அரவுண்ட், பில்லட் எல்லாம் அவர் வாழ்ந்த சொற்கள். புரியாததை மட்டும் “அது எப்படி இருக்கும் சார்?” என்று விளக்கக் கேளுங்கள்.

8. பதிவு நாள்

வீட்டுக்குப் போனதும் கருவியைப் பரப்பாதீர்கள். காபி கொடுப்பார்கள், குடியுங்கள். பிறகு மைக் குத்தி, “காலையில என்ன சாப்பிட்டீங்க சார்?” என்று கேட்டு அளவு பாருங்கள். ஹெட்போனில் காது கொடுத்துக் கேளுங்கள், மீட்டர் ஆடுவது மட்டும் போதாது. ஒயர் சரியாகச் சொருகாவிட்டாலும் ரெக்கார்டரின் சொந்த மைக் ஒலியைப் பிடித்து மீட்டரை ஆட்டிக்கொண்டிருக்கும்.

30 விநாடி பதிவு செய்து, நிறுத்தி, போட்டுக் கேட்டு, அதன்பின் தொடங்குங்கள். முதல் வாக்கியம் உங்களுடையது: தேதி, ஊர், பேசுபவர் பெயர், கேட்பவர் பெயர், எத்தனையாவது அமர்வு. ஃபைல் பெயர் என்றாவது மாறிப்போனாலும் பதிவே தன்னை அடையாளம் சொல்லும். அவர் வாயாலேயே சம்மதத்தையும் சொல்லச் சொல்லுங்கள்.

மனைவி அறையில் இருந்தால் நடுவில் திருத்துவார், பெரும்பாலும் அவர் சொல்வதே சரியாகவும் இருக்கும். ஆனால் இரண்டு குரல் ஒன்றன்மேல் ஒன்று விழும். “அம்மா, உங்களுக்குத் தனியா ஒரு மணி நேரம் வெச்சிருக்கோம்” என்று முன்பே சொல்லி, அப்படியே செய்யுங்கள். ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியது, கணவர் எங்கே என்று தெரியாமல் குவார்ட்டர்ஸில் குழந்தையோடு இருந்தது, மாதாமாதம் மணியார்டர் வந்தது, இதெல்லாம் அவரிடம்தான் இருக்கிறது.

பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அறையின் ஒலியை மட்டும் பதிவு செய்யுங்கள். இரைச்சலைக் குறைக்கும் மென்பொருளுக்கு அந்த மாதிரி வேண்டும். ரெக்கார்டரை நிறுத்திப் பையில் வைத்த பிறகுதான் பலர் முக்கியமானதைச் சொல்வார்கள். “சார், இதையும் போட்டுக்கலாமா?” என்று கேட்டு மறுபடியும் ஆன் செய்யுங்கள். கேட்காமல் ஓடவிடுவது கூடாது.

9. வலிக்கிற இடங்கள்

விபத்தில் போன நண்பனைப் பற்றிப் பேசும்போது குரல் உடைந்தால் உடனே ரெக்கார்டரை அணைக்கப் பாயாதீர்கள். அந்த அசைவே “இதைப் பேசியிருக்கக் கூடாது” என்று அவருக்குச் சொல்லிவிடும். தண்ணீர் கொடுங்கள், காத்திருங்கள், “கொஞ்ச நேரம் நிறுத்தலாமா சார்?” என்று கேளுங்கள். முடிவு அவருடையது. அன்றைய பதிவை அந்த இடத்தோடு முடிக்கவும் வேண்டாம். குவார்ட்டர்ஸ் வாழ்க்கை, மெஸ் சாப்பாடு என்று சமதரைக்குக் கொண்டுவந்து முடியுங்கள்.

இறந்தவரின் பெயர் வந்தால் கவனம். அவர் குடும்பத்துக்கு அதிகாரபூர்வமாகச் சொல்லப்பட்டது வேறாக இருக்கலாம். அந்தக் குடும்பத்தாரின் சம்மதம் இல்லாமல் அந்தப் பகுதியைப் பொதுவில் வைக்காதீர்கள்.

இலங்கை தனியாகச் சொல்ல வேண்டியது. 1987 ஜூன் 4 அன்று யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலங்களைப் போட்டவை ஏஎன்-32கள். அதே ஆண்டு அக்டோபரில் இந்திய அமைதிப்படைக்காக யாழ் பல்கலைக்கழக மைதானத்தில் வீரர்களை இறக்கியவை எம்ஐ-8 ஹெலிகாப்டர்கள். இந்த இரண்டு மாதங்களுக்கும் நடுவில் ஒரு தமிழ் ஏர்மேன் என்ன உணர்ந்தார் என்பதை ஊரில் அவர் யாரிடமும் பேசியிருக்க மாட்டார். இதை இரண்டாம் அமர்வில், அவரே ரேங்க், யூனிட் சொல்லிக் காலை ஊன்றிக்கொண்ட பிறகு கேளுங்கள். உங்கள் அரசியலை வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும். விவாதம் தொடங்கினால் சாட்சியம் நின்றுவிடும். இந்தப் பகுதிக்கு மட்டும் தனியாக மூடி வைக்கும் ஆண்டைக் குறிக்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

10. அன்று இரவே செய்ய வேண்டியது

கார்டிலிருந்து லேப்டாப்புக்கும், ஒரு வெளி ஹார்ட் டிஸ்குக்கும், இணையச் சேமிப்புக்கும் நகல் எடுங்கள். மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில். மூன்றும் திறந்து ஓடுகின்றன என்று பார்த்த பிறகே கார்டை அழிக்க வேண்டும். செக்சம் (ஃபைலின் சரிபார்ப்பு எண்) எடுக்கத் தெரிந்தால் எடுத்து ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வையுங்கள். சில வருடம் கழித்து ஃபைல் கெட்டிருக்கிறதா என்று அது சொல்லும்.

ஃபைல் பெயரில் ஆள் பெயர் வேண்டாம். 012_20250614_01_02 என்றால் 12ஆம் நபர், 2025 ஜூன் 14, முதல் அமர்வு, இரண்டாம் துண்டு. எண்ணுக்குரிய பெயர் தனி அட்டவணையில், தனி இடத்தில். மூலத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். காணொளியை அது சுருக்கிவிடும், எங்கெல்லாம் சுற்றும் என்பதும் உங்கள் கையில் இருக்காது.

போட்டோக்களை வீட்டிலேயே ஸ்கேன் செய்து அன்றே திருப்பிக் கொடுங்கள். 600 டிபிஐ, டிஃப் வடிவம், பின்பக்கமும் சேர்த்து. பின்னால் எழுதியிருக்கும் ஊர் பெயரும் ஆட்களின் பெயரும்தான் பாதி மதிப்பு. ஆல்பத்தில் ஒட்டியதை உரிக்க வேண்டாம், பக்கத்தோடு படமெடுங்கள். பிறகு ஒவ்வொரு படத்தையும் அவரிடம் காட்டி, இடமிருந்து வலமாக யார் யார் என்று சொல்லச் சொல்லி அதையும் ஒலியாகப் பதிவு செய்யுங்கள். கேள்விகளுக்கு அடங்கிப் பேசியவர் படத்தைப் பார்த்ததும் வாய் திறப்பது வழக்கம்.

11. எழுத்து வடிவம்

ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஆறு முதல் எட்டு மணி நேரம் ஒதுக்குங்கள். விஸ்பர் போன்ற, பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் முதல் வரைவைத் தரும், ஆனால் கலவைத் தமிழில் தடுமாறும். விமானப் பெயர், ஊர் பெயர், ரேங்க் மூன்றிலும் அது தருவதை நம்பாதீர்கள். “கலைக்குண்டா” என்ற வங்காளத்து விமானத்தளம் கலையும் குண்டுமாகப் பிரிந்து வந்து நிற்கும்.

முழு எழுத்துக்கு ஆள் இல்லையென்றால் நேரக் குறிப்புப் பட்டியல் போதும்: ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி, என்ன பேசுகிறார் என்று. பட்டியல் இல்லாத இரண்டு மணி நேரப் பதிவை யாரும் முழுதாகக் கேட்கப்போவதில்லை.

அவர் பேச்சைத் திருத்தாதீர்கள். “போனேங்க”, “வந்துச்சு” அப்படியே இருக்கட்டும். தேதி தவறாக இருந்தால் பேச்சை மாற்றாமல் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் குறிப்பெழுதுங்கள். யார் சொன்னது, யார் திருத்தியது என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

12. திருப்பிக் கொடுத்தல்

எழுத்தைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரு வாரம் கழித்துப் போய், நீக்க வேண்டியதற்குச் சிவப்பு, சேர்க்க வேண்டியதற்குப் பச்சை என்று அவர் குறித்ததை வாங்கி, இரண்டாம் கையெழுத்தைப் பெறுங்கள். நீக்கச் சொன்னதை ஏன் என்று கேட்டு வாதாடக் கூடாது.

குடும்பத்துக்கு ஒரு பென்டிரைவில் எம்பி3யும் ஸ்கேன் படங்களும், பெட்டியின் மேல் பெயரும் தேதியும். டிவியில் சொருகினாலே ஓடும்படி எம்பி4 ஒன்றும் போடுங்கள். லேப்டாப் இல்லாத வீடுகள் நிறைய. நூலகத்துக்கோ கல்லூரிக்கோ கொடுப்பதாக இருந்தால் ஒப்புதல் படிவத்தின் நகலையும் மூடி வைக்க வேண்டிய பகுதிகளின் பட்டியலையும் சேர்த்துக் கொடுக்காமல் ஃபைலை மட்டும் கொடுக்காதீர்கள். அங்கே ஆள் மாறும்போது வாய்மொழியாகச் சொன்னதெல்லாம் மறைந்துவிடும்.

கிளம்பும் முன் ஒரு கேள்வி: “உங்க யூனிட்ல இருந்தவங்க வேற யாரு சார் இந்தப் பக்கம் இருக்காங்க?” அவரையே போன் போட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பட்டியலில் அடுத்த பெயர் அங்கிருந்து வரும்.